சிவப்பு மூடி டப்பா

மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் டிரஸராக, டாக்டர் இல்லாத நேரத்தில் வைத்தியம் பார்ப்பவராக, இருந்த நல்லமுத்து, ஒரே ஒரு தப்பைத்தான் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டார். மற்றதெல்லாம் அடுத்தவர் தப்பு என்பது அவர் கட்சி. நெற்றியைத் தொட்டே காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வார்; முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

அந்த ஒரு தப்பு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் நடந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, காட்டுக்குச் சோறு கடத்தாமலிருக்கக் கேட்டில் சோதனை. பால்மரம் வெட்டும் இருசம்மாளைச் சோதித்த பெண், அவள் தோள்களிலும் கைகளிலும் செந்திட்டுகளைப் பார்த்து, குஷ்டம் என்று கூவிவிட்டாள். தொழிலாளர் குடியிருந்த லயமே அவளை விட்டு ஒதுங்கிப் போனது. நல்லமுத்து திட்டுகளின் மேல் பஞ்சை இழுத்துப் பார்த்தார்.

"உணர்ச்சி இருக்கு, அரிக்கவும் செய்யுது. இது குஷ்டம் இல்லலா! சொல்றவன் என்கிட்ட வந்து சொல்லட்டும்" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று சத்தம் போட்டார்.

சரியாகத்தான் சொன்னார். மலாக்கா டவுன் டாக்டர் பாலகிருஷ்ணன் கடுகளவு தோலை வெட்டி அனுப்பிப் பார்த்ததில், அது தோலில் வரும் அபூர்வமான புற்றுநோய் என்று தெரிந்தது. ரத்தத்தின் வெள்ளணுக்கள் கெட்டுப்போய்த் தோலில் தங்கிவிடுமாம். டாக்டர் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆறு வாரம் சிவப்பு மூடி டப்பாவிலுள்ள மருந்து இடது பக்கத்துக்கு. வெள்ளை மூடியிலுள்ள வெறும் களிம்பு வலது பக்கத்துக்கு. பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தினமும் பெரட்டுக்கு முன் இருசம்மாள் வந்து, திரைக்குப் பின்னால் தானே பூசிக்கொள்வாள். பொம்பளை விஷயம் என்று நல்லமுத்து வெளியே உட்கார்ந்து, 'இடது: மருந்து' என்று நோட்டில் எழுதிவிடுவார்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் போலீஸ் லாரியின் துணையோடு வந்தார். இடது கைத் திட்டுகள் புண்ணாகியிருந்தன. வலது பக்கம் தெளிந்திருந்தது.

"மருந்து உதவல, நல்லமுத்து. வலது பக்கம் தானா மறைஞ்சிருக்கு. இந்த நோய் அப்படிக் கண்ணாமூச்சி காட்டும். நிறுத்திடுவோம்."

இருசம்மாளின் முகம் செத்துப்போனது. புண் பரவினால் கத்தி பிடிக்க முடியாது. அவளைவிட்டால் அந்த வீட்டில் உழைக்க ஆள் கிடையாது.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்" என்ற நல்லமுத்து இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்தார். "இருசம்மா, தெனம் பூசற மாதிரி இப்ப கையில பூசிக் காட்டு."

அவள் யோசிக்கவே இல்லை. சிவப்பு மூடியைத் திறந்து வலது கையில் பூசினாள்.

"எடது பக்கம்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கய்யா. நல்ல மருந்தைப் போயி எடது பக்கத்துல எப்படிய்யா வைக்கிறது? இதுதானே சோத்துக்கை, சாமி கும்புடுற கை? வெள்ளைய எடதுக்கு வச்சேன்." அழுதுவிட்டாள்.

நல்லமுத்து அவளைத் திட்டவில்லை. நோட்டை எடுத்து ஆறு வாரத்தையும் கோடிட்டு அடித்து, கீழே எழுதினார்: 'மருந்து பூசியது வலது பக்கம். பார்க்காமல் எழுதியவன் நான். தவறு என்னுடையது.' கையெழுத்தும் போட்டார்.

டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "அப்போ மருந்து ஜெயிச்சிருக்கு! நாளையிலிருந்து இடது பக்கத்துக்கும் அதையே போடுங்க. யாராவது பக்கத்துல நின்னு பார்க்கணும்."

மறுநாள் ஆஸ்பத்திரி ஆயா மீனம்மா திரைக்குப் பின்னால் காவல் நின்றாள். அப்படியும் நல்லமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"எந்தப் பக்கம் பூசுற?" என்று வெளியிலிருந்து கத்தினார்.

"எடது பக்கந்தான்யா. சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் பூசறேன்."