சிவப்புப் பேனாவில் பதினைந்து காரணங்கள்

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. நானும் என் கணவரும் மலேசியாவில், ஜொகூர் பாருவின் தம்போயில் குடியிருக்கிறோம். அவர் அங்கேயே ஒரு கார் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாக ‘கியூசி’ எனப்படும் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நல்லதை ஒரு பக்கம், பழுதை ஒரு பக்கம் பிரிப்பதுதான் வேலை. வேலையிடத்துப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் ஒரு புகார் உண்டு. சோறு குழைந்தாலும் ஏன் என்று கேட்பேன், கொடியில் துண்டு கோணலாகக் கிடந்தாலும் ஏன் என்று கேட்பேன். என் கணவர் என்னைக் கூப்பிடுவதே ‘கியூசி மேடம்’ என்றுதான்.

கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. எனக்கு முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. சோதனைக் குழாய் சிகிச்சைக்குப் போனோம். வயிறெல்லாம் ஊசி குத்திக் கடைசியில் நாலு கரு தேறியது. டாக்டர் சொன்னபடி, அவற்றை உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலிருந்தும் சில செல்களை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் என் கணவர் காலையில் டீ கலக்கும்போதே, “நம்ம நாலு பேரும் எப்படி இருக்காங்களோ” என்று ஆரம்பித்துவிடுவார். நாலு பேரையும் நம்ம சின்னக் காரில் எப்படி ஏற்றுவது, யாருக்கு முன் சீட்டு என்பது வரை போகும் பேச்சு. வாயை மூடுங்கள் என்பேன். கேட்கப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

முடிவு வந்தபோது நான் தொழிற்சாலை கேன்டீனில் இருந்தேன். கைத்தொலைபேசியில் அறிக்கையைத் திறந்தேன். நாலு வரி. நாலுக்கும் எதிரே ‘அப்னார்மல்’ என்று இருந்தது. ஒரு கருவில் குரோமோசோம் கூடுதல், ஒன்றில் குறைச்சல், மற்ற இரண்டில் இன்னும் என்னென்னவோ. ஒன்றைக்கூட வைக்க முடியாது. மீ கோரிங் நூடுல்ஸ் தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு அவருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“சரி. சாப்பிட்டியா?” என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாலு பேரும் போய்விட்டார்கள் என்கிறேன், இந்த மனுஷன் சாப்பாட்டைக் கேட்கிறாரே! போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் அந்த நாலு பேர் பேச்சை எடுக்கவே இல்லை. இவருக்கு இது உறைக்கவே இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பொருள் பழுதானால் சும்மா தூக்கிப் போட மாட்டோம். ஏன் பழுதானது என்று படம் போடுவோம். மீனின் நடுமுள் மாதிரி நீளமாக ஒரு கோடு, தலைப் பக்கம் என்ன பிழை என்று எழுத வேண்டும், மேலும் கீழும் முள் முள்ளாகக் காரணங்கள். காரணம் இல்லாமல் கொடுத்தால் மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். பதினாறு வருடத்தில் ஒரு படத்தையும் நான் காலியாகக் கொடுத்ததில்லை.

பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தேன். தலைப் பக்கம் ‘நாலும் ஏன்?’ என்று எழுதினேன். மேலே என் பக்கம், கீழே அவர் பக்கம். என் பக்கத்தில் நாலு காரணம்: வயது, கோபம், ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் டீ, என் சித்திக்கும் பிள்ளை இல்லாதது. அவர் பக்கத்தில் பதினொன்று! வொர்க்‌ஷாப் பெயிண்ட் தின்னர் வாடை, என்ஜின் சூடு, எப்போதோ விட்டுவிட்ட சிகரெட், பந்து விளையாட்டு பார்த்துக் கெட்ட தூக்கம், இரண்டு நாள் மறந்துபோன வைட்டமின் மாத்திரை. எனக்கு ஊசி போடும்போது சிரித்ததைக்கூட விடவில்லை. எழுத எழுத மனசு லேசாகிற மாதிரி இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் வருவதற்குள் கிழித்துப் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மேசையிலேயே வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்தபோது குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. அலமாக், ஆள் வந்தாச்சு! ஓடிப்போய்த் தாளைப் பார்த்தேன். ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் தடம். அவர் பக்கத்தில் நான் எழுதிய பதினொன்றில் ஒன்றையும் அடிக்கவில்லை. ஆனால் என் பக்கத்து நாலிலிருந்தும் நீல மையில் அம்புக்குறி இழுத்துக் கீழே தன் பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். கோபத்துக்குப் பக்கத்தில், ‘மூட்டி விடறது நான்’. டீக்கு, ‘கலக்கிக் குடுக்கிறது நான்’. சித்திக்கு, ‘தெரிஞ்சுதான் கட்டினேன்’. வயதுக்குப் பக்கத்தில், ‘ஆறு வருஷம் காக்க வச்சது நான்’.

அது உண்மை, கல்யாணத்துக்கு முந்தின ஆறு வருடம். தங்கைகள் இருவரையும் கரையேற்றிவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று சொல்லி, குளுவாங்கில் இருந்த என் வீட்டாரை ஆறு வருடம் காக்க வைத்தார். நானும் காத்திருந்தேன். அதை ஒரு குறையாக நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் மனசில் அது கிடந்திருக்கிறது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க கியூசி மேடம். நாலு மட்டும் இடம் மாறிப் போச்சு. மாத்தி வச்சிட்டேன்” என்றார்.

அன்றைக்கு ஏன் சாப்பாட்டைக் கேட்டீர்கள் என்று கேட்டேன். துண்டைக் கொடியில் நேராக இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“வேற என்ன கேக்கறதுன்னு தெரியல லா. ஒரு காருக்கு அடியில படுத்துக்கிட்டுத்தான் உன்கிட்ட பேசினேன். அப்புறம் வெளிய வர அரை மணி நேரம் ஆச்சு. கண்ணுல எண்ணெய் விழுந்திருச்சுன்னு சொல்லிட்டேன் எல்லார்கிட்டயும்.”

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அழுதோம்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போனோம். அறிக்கையை விளக்கிச் சொல்லும் மலாய்க்கார அம்மா. நாங்கள் உட்கார்ந்ததும் என் கணவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்து விரித்தார். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. இதில் எது உண்மையான காரணம் என்று தெரிந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம் என்று அவர் வொர்க்‌ஷாப் மலாயில் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை. தமிழ் தெரியாததால் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். டீ இல்லை. கோபம் இல்லை. சித்தி இல்லை. சிகரெட்டை விட்டது நல்லதுதான், ஆனால் இந்த நாலுக்கும் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. சிரித்ததற்கு வந்தபோதுதான் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் மிஞ்சியது வயது மட்டும். பெண்ணுக்கு வயது கூடக் கூட முட்டையில் இப்படிக் குரோமோசோம் தவறிப் பிரிவது கூடும், ஆனால் அது யாரும் செய்த தப்பில்லை, யாராலும் தடுத்திருக்கவும் முடியாது என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். தப்பில்லை என்று அந்த அம்மா சொன்னது என் காதில் ஏறவில்லை. பதினைந்தில் நின்றது ஒன்று, அதுவும் என் பக்கத்துக் காரணம். தலையைக் குனிந்துகொண்டேன்.

என் கணவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த நீல அம்புக்குறி மேல் விரலை வைத்தார். “இத்து சாயா புன்யா, டாக்டர்” என்றார். அது என்னோடது டாக்டர் என்று. ஆறு வருடம் காக்க வைத்த கதையையும் சொன்னார்.

அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, டிஷ்யூ பெட்டியை எங்கள் பக்கம் தள்ளுவதற்கு முன்னால் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். இங்கே வருகிற பல பேர் இது யாரால் என்றுதான் கேட்பார்கள், பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சண்டை போட்டவரை நான் பார்த்ததில்லை என்றார். இன்னொரு முறை முயன்று பார்ப்பதா வேண்டாமா என்று அவசரப்படாமல் முடிவு செய்யச் சொல்லி அனுப்பினார்.

ஒரு வழியாக முடிவு செய்துவிட்டோம். வருகிற சீனப் பெருநாள் முடிந்ததும் இன்னொரு முறை. அது தேறுமா என்று டாக்டராலும் சொல்ல முடியாது. காலண்டர் தாள் ஐஸ் பெட்டிக் கதவில் காந்தம் போட்டுத் தொங்குகிறது. அவர் மறுபடியும் காலையில் டீ கலக்கும்போது கார் சீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். இப்போது வாயை மூடச் சொல்வதில்லை.

குழந்தை வருமா வராதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் யாரையாவது குற்றம் சொல்லியே ஆக வேண்டும் என்று விரலை நீட்டிய நாளில், என் வயதைக்கூடத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட மனிதரோடுதான் காத்திருக்கிறேன் என்ற நினைப்பே இன்றும் எனக்குத் தெம்பு.