பக்கத்து நிரையில் ஆறு செடி

பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறினால் வருகிற தோட்டத்தில் செசிலிக்கு முப்பத்தொரு வருசமாகக் கொழுந்து பறிக்கிற வேலை. கை வேகம் என்றால் அந்த மலையில் அவள் பேரைத்தான் சொல்வார்கள். ஆனால் வருசா வருசம் தோட்டத்தில் நடக்கிற கொழுந்துப் போட்டியில் அவள் ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை. கடைசி நாலு வருசமும் இரண்டாமிடம். நாலு தடவையும் முதலாவது வதனி. வதனிக்கு வயது முப்பத்தாறு, வாய்க்கு வயதே கிடையாது.

போட்டியில் சேர ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். செசிலிக்கு வருகிற மார்கழியில் ஐம்பது முடிகிறது. இந்த வருசம் விட்டால் பிறகு இல்லை. ஜெயித்தவளுக்குக் கோப்பையும் உண்டு, பதுளையில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போகிற இடமும் உண்டு. செசிலிக்கு அந்தக் கோப்பை வேண்டும். வேண்டாதவள்போல நடிக்க அவளுக்குத் தெரியாது. ஒரு வாரமாக விரலுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தாள்.

"அக்கா, விரலுக்கு எண்ணெய் போட்டா வழுக்கிட்டுப் போயிரும்" என்றாள் வதனி, போட்டி அன்று காலை மலையில் நிற்கும்போது.

"வழுக்கினாலும் ஒன் சாக்குல வந்து விழாது, போடி" என்றாள் செசிலி.

போட்டி இப்படித்தான். ஆளுக்கு ஒரு நிரை, அதாவது மேலிருந்து கீழே இறங்குகிற ஒரு வரிசைத் தேயிலைச் செடி. விசில் ஊதியதும் தொடங்கி அரை மணி நேரம். பிறகு தராசு. அடுத்தவள் நிரையில் கை வைக்கக் கூடாது. இது போட்டிக்காகப் புதிதாகப் போட்ட சட்டமில்லை. வேலை நாளிலும் அப்படித்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டு நிரை கொடுத்துவிட்டால் அந்த நிரை அன்றைக்கு அவளுடையது. வாய்ச் சண்டை, தண்ணீர்ச் சண்டை எல்லாம் லயத்து வீடுகளில் வரும், போகும். நிரை தாண்டினவளோடு மட்டும் யாரும் பக்கத்தில் நின்று வேலை செய்ய மாட்டார்கள்.

செசிலிக்கு வலது பக்கத்து நிரை லதுஷாவுடையது. இருபத்திரண்டு வயது. வேலைக்கு வந்து ஆறு மாதம்தான், இன்னும் தோட்டத்தில் நிரந்தரமாகப் பேர் பதியவில்லை. கை அவ்வளவாக ஓடாது, ஆனால் கொழுந்து சுத்தமாக எடுப்பாள்.

விசில் ஊதிப் பத்து நிமிசம் இருக்கும், பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து மலையை மூடிவிட்டது. முன்னால் இருக்கிற செடி மட்டும்தான் தெரிந்தது. செசிலி நிற்கவில்லை. அவள் நிரையில் ஓரிடத்தில் இரண்டு செடி பட்டுப்போய் வெறும் மண். அதைச் சுற்றி வலது பக்கமாக இறங்கியவள், கைக்குக் கிடைத்த செடியிலிருந்து மறுபடி தொடங்கினாள். கொஞ்சம் தள்ளி, மழைத் தண்ணீர் ஓடுகிற ஒரு கான் குறுக்கே வந்தது. அதைத் தாண்டி இடது பக்கமாகக் கால் வைத்து, பறித்துக்கொண்டே போனாள்.

கடைசி விசில் ஊதும்போது பனி கலைந்துவிட்டது. நிமிர்ந்து மேலே பார்த்தாள். கானுக்கு மேலே, தன் நிரையில் ஆறு செடி பறிக்காமல் பச்சைப்பசேலென்று நின்றது. அதற்கு நேர் பக்கத்தில் லதுஷாவின் நிரையில் ஆறு செடி மொட்டையாக இருந்தது.

எங்கே நிரை மாறினோம் என்று செசிலிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், அவள் ஒன்றும் மாதா சொரூபம் இல்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போனாள்.

செசிலிக்கு ஒன்பது கிலோ இருநூறு. வதனிக்கு ஒன்பது. எல்லோரும் கை தட்டினார்கள். வதனி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு அவளும் தட்டினாள். தோட்டத்தை நடத்துகிற தொரை கோப்பையைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் தராசுப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை நல்லையா, லதுஷாவின் சாக்கைப் பார்த்து, "இந்தக் கைய வச்சுக்கிட்டா பேர் பதியக் கேட்ட?" என்றார்.

"ஐயா, என் நிரையில ஆறு செடி ஏற்கெனவே பறிச்சிருந்துச்சு."

"எல்லாருக்கும் கொழுந்து இருந்துச்சு. ஒனக்கு மட்டும் பேயா வந்து பறிச்சிச்சு?"

நாலு பேர் சிரித்தார்கள். லதுஷா தலையைக் குனிந்துகொண்டாள். கோப்பைக்கு நீட்டிய கையைச் செசிலி மடக்கிக்கொண்டாள்.

"பேய் இல்லைங்க ஐயா, நான்தான். பனியில நிரை மாறிட்டேன். மேல பாருங்க, என் செடி ஆறும் அப்படியே நிக்குது."

நல்லையா மேலே பார்த்தார். தொரை தமிழ் நன்றாகவே பேசுவார். "பனிதானே செசிலி. தெரியாம நடந்தது. பரவாயில்லை" என்றார்.

"மாறினது தெரியாமங்க தொரை. கடைசி விசில் ஊதினதுல இருந்து தெரியும். ஆறு செடிக் கொழுந்து என் சாக்குல கலந்து கிடக்கு, எதுன்னு பிரிக்கவும் ஏலாது. என் கணக்க வெட்டிருங்க."

வதனி முன்னால் வந்தாள். "அக்கா, நீங்க விட்டுக்குடுக்கிற கோப்பை எனக்கு வேணாம்."

"விட்டுக்குடுக்க நான் என்ன ஒனக்கு மாமியாரா? நீ பறிச்சது ஒன்பது கிலோ. போய் வாங்குடி."

வதனி நகரவில்லை. செசிலி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள், கொஞ்சம் பலமாகவே. பிறகு நல்லையாவிடம் போனாள். "அந்தப் புள்ளய எல்லாரும் கேக்கத்தான் பேசினீங்க. அதே மாதிரி எல்லாரும் கேக்கச் சொல்லுங்க ஐயா, அவ மேல பிழை இல்லன்னு."

நல்லையாவுக்கு அது கசந்தது. தொரை பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, அவ மேல பிழை இல்ல" என்றார், தராசைப் பார்த்துக்கொண்டு.

"தராசுக்கு இல்லைங்க, அவளுக்கு."

லதுஷாவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்த செசிலி அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். புருசன் யேசுரத்தினத்துக்குச் சேதி முன்னாலேயே வந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே, புள்ள."

"இருந்திருக்கலாம்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை லதுஷா பக்கத்துல எனக்கு நிரை குடுத்தா? சும்மா இருந்துட்டு எப்படிப் போய் நிப்பேன்?"

அவர் சீனிப் போத்தலை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.