வாங்காத வண்டிக்கு விழுந்த மாலை

செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஒருவர் மனை வாங்கினாலும் மாடி எழுப்பினாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். பொறியியல் படித்து, அரசுத் துறையில் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் ஒப்பந்தக்காரர் எழுப்பிய தூணைத் தட்டிப் பார்க்காமல் எந்தச் செலவுப் பட்டியலிலும் கையெழுத்திட்டதில்லை. எழுப்பி முடித்த சுவரை இடிக்கச் சொன்னதும் உண்டு. ‘சார் பார்த்துவிட்டாரா?’ என்ற கேள்வி ஓய்வுக்குப் பிறகும் என் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அதில் எனக்குப் பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உத்தியோகம் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த மதிப்பு ஒன்றே.

சென்ற ஆண்டு என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் பழைய காரின் இருக்கை மிகவும் தாழ்ந்தது. ஏறுவதென்றால் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுவதுபோல் விழ வேண்டும். இறங்குவதென்றால் நான் இரு கைகளையும் பற்றி இழுக்க வேண்டும். ஒரு திருமண மண்டபத்தின் வாசலில் பலர் பார்க்க அப்படி இழுத்தேன். அதன்பின் எந்த அழைப்பு வந்தாலும், “நீங்க போயிட்டு வாங்க” என்பதே அவள் பதிலாயிற்று. உயரமான இருக்கையுள்ள சிறிய எஸ்.யு.வி. ஒன்று தேவை என்று அப்போது முடிவு செய்தேன். என் வயதில் கடன் வாங்கிப் புது வண்டி எடுக்க மனம் ஒப்பவில்லை. பழையது போதும் என்று தேடினேன்.

கோவளத்தில் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. உரிமையாளர் ஒரு முஸ்லிம் பெரியவர். படகு எஞ்சின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருப்பவர். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, வண்டி கடைக்குப் பக்கத்து வெளியில், கடலைப் பார்த்தபடி, பெரும்பாலும் நின்றே கிடந்தது. நானும் மனைவியும் எங்கள் காரிலேயே சென்றோம். தேநீர் வரவழைத்தார். அதிகம் பேசாதவர், வண்டியைப் பற்றி ஒரு புகழ்ச்சியும் சொல்லவில்லை. நான் பானெட்டைத் திறந்து எண்ணெயைப் பார்த்தேன். டயர்களைப் பார்த்தேன். கதவு விளிம்புகளில் விரலை ஓட்டினேன். எல்லாவற்றையும் நின்றபடியே செய்தேன்.

அவர் உள்ளே சென்று ஒரு சாக்கை எடுத்து வந்து, உதறி, வண்டியின் பக்கத்தில் மணல்மேல் விரித்தார்.

“கடலோரத்துலயே நின்ன வண்டி சார். அடியில ஒரு தபா பாத்துக்குங்க. அப்பறம் பேசலாம்.”

நான் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் இருந்தேன். கடையின் ஆட்களும், வலையைத் தோளில் போட்டிருந்த இரண்டு மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் படுத்துப் பார்க்க வேண்டிய வேலைகளை என் காலத்தில் பிறர் செய்து எனக்கு அறிக்கை தந்தார்கள். “பார்த்தவரை போதும்” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சாக்கை மடித்து எடுத்துச் சென்றார்.

இதற்குள் மனைவி பின்கதவைத் திறந்து, முதுகைத் திருப்பி, எவர் துணையுமின்றி இருக்கையில் அமர்ந்துவிட்டாள். உள்ளிருந்து சிரித்தாள். “என்னங்க, வீட்டு நாற்காலில உக்கார்ற மாதிரியே இருக்கு.” ஓராண்டாக நான் கேட்காத சிரிப்பு அது. அந்தக் கணத்திலேயே மனத்தளவில் வண்டியை வாங்கிவிட்டேன். விலையையும் வாய்மொழியாகப் பேசி முடித்தோம். முன்பணம் எதுவும் வேண்டாம், இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர். எங்கள் காரை அவரிடம் விட்டு, அவர் வண்டியில் புறப்பட்டோம்.

மாமல்லபுரம் தாண்டி வரும்போது, திருக்கழுக்குன்றத்தில் இறங்கிச் சாமி கும்பிட்டுப் போகலாம் என்றாள் மனைவி. அங்கே எங்களுக்குப் பழக்கமான குருக்கள் வாசலிலேயே வண்டியைப் பார்த்துவிட்டார்.

“என்ன சார், வண்டி மாத்திட்டேளா? சொல்லவே இல்லையே. இருங்கோ, மாலை எடுத்துண்டு வரேன்.”

இது இன்னும் எங்களுடையது அன்று எனச் சொல்லியிருக்க வேண்டும். செங்கல்பட்டுக்காரர்கள் சிலர் அருகில் நின்றிருந்தார்கள். ஓட்டிப் பார்க்க இரவல் வாங்கிவந்த வண்டி என்று அவர்கள் எதிரில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டார். முன்புறம் மாலை விழுந்தது. நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பழங்கள் நசுங்கின. மாலையோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் வண்டியைச் சுற்றிவந்து, “சார் எடுத்தா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

மறுநாள் சக்கரங்களின் அலைன்மென்ட்டைச் சரிபார்க்கப் புறவழிச்சாலை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை மேலே ஏற்றிவிட்டு, விளக்கைப் பிடித்தபடி அடியில் நுழைந்தார்.

“சார், இங்க வா சார். பின்சீட்டுக்கு நேர் கீழ இன்னா கீது பாரு.”

ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். நனைந்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் அது தகட்டில் இறங்கியது. துருச் செதில்கள் என் சட்டையில் உதிர்ந்தன.

“இன்ஜின் சூப்பரா கீது. அடிய உப்பு துன்னுக்கினு கீது. பேட்ச் வெச்சி வெல்டு அடிக்கலாம். ஆனா அம்மா ஒக்கார்ற எடம், நான் கேரண்டி குடுக்க மாட்டேன். வாங்கசொல்ல யாரும் அடியில பாக்கலியா சார்?”

தெரிந்தவர் ஒருவரின் வண்டி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த இரண்டு நாள்கள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொன்ன கெடு கடந்தும் கோவளத்துக்கு நான் தொலைபேசியில்கூடப் பேசவில்லை. காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் நடந்தால் பாதியில் திரும்பினேன். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கே போனேன். திருப்பிக் கொடுத்தால், அடியைப் பார்க்காமலா மாலை போட்டார் என்று தெரு கேட்கும். வைத்துக்கொண்டு வெல்டு அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்த இரண்டாவது வழியை நான் வெறுமனே நினைத்துப் பார்க்கவில்லை. மெக்கானிக்கை மீண்டும் சென்று பார்த்து, அந்த ஒட்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டேன். இரண்டு ஆண்டு தாங்கலாம், மழையைப் பொறுத்தது என்றார். அன்று பிற்பகல் வரை இரண்டு ஆண்டு போதும் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில், வாசலில் நின்றிருந்த வண்டியில் கதவைத் திறந்து வைத்து, வெறுமனே அமர்ந்திருந்தாள் மனைவி. என்னைப் பார்த்ததும் கேட்டாள்: “ரெண்டு நாளா உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகிட்டே இருக்கீங்க. என்னன்னு சொல்லுங்க.”

சொன்னேன். வெல்டு அடிக்கும் யோசனையையும் சேர்த்தே சொன்னேன்.

“அவர்தான் சாக்கு விரிச்சாரே. நீங்க பாக்கலியா?”

அவள் தானே இறங்கிக் கதவைச் சாத்தினாள். “குடுத்துட்டு வந்துடலாம்” என்றாள்.

கோவளத்தில் அவர் சாவியை வாங்கிக்கொண்டு, “அடியிலயா சார்?” என்றார். ஆம் என்றேன். நான் முன்பே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பானெட்டில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைக்கப் போனேன். “சாமி வூட்டுது சார், இருக்கட்டும். அதுவா போவட்டும்” என்று தடுத்தார். எங்கள் காரைக் கழுவி நிறுத்தியிருந்தார். அதில் மனைவியை ஏற்ற அவரும் ஒரு கை கொடுத்தார்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது, அடியில் துரு, அதனால் வேண்டாமென்று விட்டேன் என்றேன். அது பொய்யன்று. ஆனால் மாலைக்குள் அது வேறு கதையாகிவிட்டது. கோவளத்துக்காரர் துருவின்மேல் பெயிண்ட் அடித்து மறைத்தாராம். இரண்டே நாளில் என் கண் பிடித்துவிட்டதாம். “சார்கிட்டயே நடக்குமா?” என்று என் காதுபடவே பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஒரு மாதம் அப்படியே இருந்தேன். என் மதிப்பு முன்னிலும் ஒரு படி உயர்ந்தது. மனைவி மட்டும் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. அழைப்புகள் வந்தால், நீங்கள் போய் வாருங்கள் என்கிறாள், முன்போலவே.

சென்ற வாரம் எதிர்வீட்டுக்காரர் ஒரு செய்தியைப் பெருமையோடு சொன்னார். அவருடைய உறவினர் ஒருவர் துருவைத் தெரிந்துகொண்டே, குறைந்த விலைக்கு அந்த வண்டியை எடுக்கப் போனாராம். “சாரையே டபாய்க்கப் பாத்த ஆளு, அவன்கிட்ட எதுவும் வெச்சிக்காதேன்னு திருப்பி இட்டாந்துட்டேன்” என்றார்.

அப்போது அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ஏமாற்றப் பார்த்தவரையும் விட்டுக்கொடுக்காமல் பேசும் என் பெருந்தன்மையை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே எழுத்தில் வைக்கிறேன். கோவளத்துக்காரர் எதையும் மறைக்கவில்லை. அடியைப் பார்க்கச் சொன்னவர் அவர், மறுத்தவன் நான். துருவைக் கண்டவர் மெக்கானிக். இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை.