பலகையை மட்டும் மாற்றிய 'நிபுணர்'

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து, நோர்பரி என்ற ஆங்கிலேயப் புறநகரில் இருந்தோம். என் கணவருக்கு நீரிழிவு. தினமும் இன்சுலின் ஊசி போடுவார். அப்போது கடைத்தெருவில் நம்மவர் ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, 'அரச பதிவு பெற்ற உணவியல் நிபுணர்' என்று பலகை தொங்கவிட்டார். ஊரில் அவர் உரக்கடை நடத்தியவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அண்ணை, ஊசியை விடுங்கோ. பாவக்காய்ச் சாறும் நான் தாற பவுடரும் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று தன்னிடம் போன என் கணவரிடம் சொன்னார். சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்து நானும் தலையாட்டினேன். படித்த எனக்கு அதை வாசிக்கத் தோன்றவில்லை.

ஊசியை நிறுத்திய நான்காம் நாள் கணவர் வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, நினைவு தப்பினார். ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்ததால் பிழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்த உண்மையான உணவியல் நிபுணர் அரச பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பெயரே அதில் இல்லை என்றார். உடனே முறைப்பாடு செய்தேன்.

நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஊசியை நிறுத்தச் சொன்னதற்கு அல்ல. 'அரச பதிவு பெற்ற' என்று பொய்யாகப் போட்டதற்கு. வெளியே வந்தவர் வெட்கமில்லாமல், "அக்கா, நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்" என்றார்.

அடுத்த வாரம் பலகையில் 'போசாக்கு ஆலோசகர்' என்றிருந்தது. அந்தப் பெயரைப் பதிவே இல்லாமல் யாரும் வைத்துக்கொள்ளலாமாம். வாசலில் நம்மவர்கள் வரிசையில் நின்றார்கள், அதே பவுடருக்கு!

இப்போது யார் உணவுமுறை சொல்ல வந்தாலும் பதிவு எண்ணைக் கேட்டு, நானே தொலைபேசியில் விசாரிக்கிறேன். முகம் கறுப்பவர்களிடம், "அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" என்கிறேன்.