அப்பாவுக்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல்

வெள்ளத்தின்போது எங்கள் ஊருக்கு ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போட்டது. முதல் பொட்டலம் மாட்டுத் தொழுவத்தின் கூரையில் விழுந்து மூன்று ஓடுகளை உடைத்தது. மாடியில் நின்ற அப்பா வானத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, மேல இருக்கவனே! ஓடு ஒடஞ்சிட்டுலே, யாரு மாத்துவா?" பக்கத்து வீட்டுக்காரர் அதைப் படம்பிடித்தார். தண்ணீர் வடிவதற்குள் அப்பா தமிழ்நாட்டுக்கே தெரிந்த முகமாகிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. பூர்வீகம் ஏரல் என்றாலும், பெங்களூரில் தங்கி ஆங்கிலத்தில் பேசுகிற குடும்பம். அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவளுக்கு எதுவும் லேசில் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசுவதாக ஏற்பாடு.

"அந்த வீடியோவப் பத்திக் கேட்டா நீதாம்லே சமாளிக்கணும்" என்றாள்.

எனக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி வேலை, சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அந்த வாரப் பாடமே ஊரறிந்தவர்களை வர்ணிக்கும் சொற்கள். உப்பளங்களைத் தாண்டும் பஸ்ஸில் அவற்றைத் தரம் பிரித்தேன். நல்லதுக்குப் பேர் போனால் 'ரினௌன்ட்'. கெட்டதுக்கு என்றால் 'நொட்டோரியஸ்'. சும்மா ஊதிப் பெரிதாக்கியிருந்தால் 'ஓவர்ஹைப்ட்'. தமிழில் எல்லோரையும் 'பேர் போனவர்' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். கடைசியில் 'செலிபிரேட்டட்' கௌரவமாகத் தெரிந்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன்.

"அப்படின்னா?"

"எல்லாரும் கொண்டாடுற ஆளுன்னு அர்த்தம்ப்பா."

"எவன்லே கொண்டாடுனான்? ஓடு மாத்த ஒருத்தன் வரல."

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எதிர்பார்த்த வீடியோ கேள்வியை மாப்பிள்ளையின் அண்ணன் ஆங்கிலத்தில் கேட்டார். நான் 'வைட்லி பப்ளிசைஸ்ட்' என்று தொடங்கி, 'செலிபிரேட்டட்' வழியாக 'ஹை-ப்ரொஃபைல்' வரை ஏறிவிட்டேன். திரையில் அண்ணனின் முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நம்ப விரும்பினேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா திரைக்குள் வந்தார்.

"அண்ணாச்சி, அந்த ஓடெல்லாம் மாத்தியாச்சா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு மாத்தியாச்சு. மூணாவது நம்ம அளவுல கெடைக்கல. தார்ப்பாய் போட்டு மூடிருக்கேன்."

"ஏரல்ல எங்க பழைய வீட்டு ஓடு அடுக்கிக் கெடக்கு. வரும்போது எடுத்துட்டு வாரோம்."

'வரும்போது' என்ற சொல்லுக்கு அக்கா என் தொடையில் கிள்ளினாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த மாதம் வந்தார்கள். பூவும் பழமும் வைத்த தட்டோடு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அப்பா முதலில் வாங்கியது பொட்டலத்தைத்தான். பிரித்து, சாண் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார்.