குதிகால் வெடிப்பும் யூரியா கிரீமும்

ரங்கம்மாளின் வலது குதிகாலில் வெடிப்பு ரத்தம் கசியும் ஆழத்துக்குப் போயிருந்தது. இடது காலிலும் முன்பு இப்படித்தான் சின்ன வெடிப்பில் ஆரம்பித்து, சீழ் பிடித்து, பெருவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று. இந்த முறை அலட்சியமாக விட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் நான் டிரெஸ்ஸிங் சிஸ்டர். சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் காலில் வேர்வை நின்று தோல் வறண்டுபோகும். வெடித்தாலும் வலி தெரியாது. அதற்கு யூரியா கிரீம் கொடுப்போம். காலைக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, பாதத்திலும் குதிகாலிலும் தடவ வேண்டும். விரலிடுக்கில் மட்டும் கூடாது. ஊறிப்போய்ச் சேற்றுப்புண் வந்துவிடும்.

ரங்கம்மாளின் கணவர் ராமசாமி நாயுடுவுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. நான் கொடுத்த கிரீம் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க சிஸ்டர், யூரியா தென்னைக்கு வெக்கறதாச்சுங்களே?" என்றார். இது வேறு என்று விளக்கி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். வெடிப்பு அப்படியே இருந்தது. உரம் என்று பயந்துபோய் டியூபைத் தோப்பில் வீசியிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அந்தம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"இன்னும் எத்தன வெரலுங்க குடுக்கப் போறீங்க?"

"தெனமும் தடவறனுங்க சிஸ்டர். சத்தியமாங்க." அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் காலை ஒழுங்காகப் பார்த்தேன். மேல்பாதம் பளபளவென்று இருந்தது. குதிகால் மட்டும் காய்ந்து கிடந்தது. "இங்கயே தடவிக் காட்டுங்க," என்றேன். அந்தம்மா குனிந்தார். முட்டி மடங்கவில்லை, கை மேல்பாதத்தோடு நின்றுவிட்டது. பாவம், ஒரு மாதமாக எட்டின இடத்தில் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே பெஞ்சில் இருந்த நாயுடுவைக் கூப்பிட்டு, இனி நீங்கள்தான் தடவிவிட வேண்டும் என்றேன். அந்தம்மா பதறிப்போனார். "ஐயோ, அவரு என்ற காலத் தொடறதா? எனக்குப் பாவமுங்க!"

நாயுடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கல்யாணத்தன்னிக்கு ஊரே பாக்க உன்ற காலப் புடிச்சு அம்மி மேல வெச்சு மெட்டி போட்டது ஆரு? அப்ப வராத பாவம் இப்பத்தான் வருதா? காலக் குடு அம்மணி."

காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்தம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இடுக்குல வேண்டாமுங்களே சிஸ்டர்?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் தடவினார் நாயுடு. எத்தனையோ பெரிய மனிதர்களை அந்த அறையில் பார்த்திருக்கிறேன். அவருக்கு மேலே ஒருவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சில வாரங்களில் வெடிப்பு மூடியது. கால் தப்பியது.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "கிரீம் தடவறீங்களா?" என்று கேட்டதில்லை. "ஆருங்க தடவி உடறது?" என்றுதான் கேட்பேன். "ஆருமில்லீங்க சிஸ்டர்" என்றவர்களும் உண்டு. அவர்களுக்கு நானே கீழே உட்கார்ந்து தடவிவிட்டேன்.