பைலிலிருந்து நான் உருவிய சான்றிதழ்

2006-ஆம் வருஷம் மே மாதம், பெங்களூரில் ஒரு கல்லூரி. நேர்காணலுக்கு வந்த மற்ற பிள்ளைகள் முடித்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஐந்தே பேர்: அறைக்குள் இரண்டு பேராசிரியர்கள், வாசலில் பெயர் கூப்பிடும் ஆபீஸ் பெண்மணி, என் தங்கை, நான்.

தங்கை பி.எஸ்சி. கணக்கு முடித்து, ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். நிதிக் கணிதம் என்ற மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். பங்கு விலை ஏறுவதையும் இறங்குவதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற படிப்பாம். நான் எட்டாவதோடு நின்றவள். அதே கம்பெனியில் பேக்கிங்கில் கான்ட்ராக்ட் ஆள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன்.

காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவள் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் பைலைப் பிரித்துப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழ் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். எனக்குப் படிக்க வந்தது ‘கான்ட்ராக்ட்’ என்ற ஒரே வார்த்தைதான். என் கேட் பாஸிலும் அதுதான் இருக்கும். அதைக் காட்டினால் என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? உருவி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே போன பத்தாவது நிமிஷம் தங்கை வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, வேலை பார்த்த சர்ட்டிபிகேட்டைக் காணோம். அதுக்குத் தனி மார்க் இருக்குது. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க.”

எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே நானும் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பெரிய பேராசிரியர் படித்துவிட்டு, “ஏம்மா எடுத்தீங்க?” என்றார்.

“கான்ட்ராக்ட்னு போட்டிருக்குதுங்க சார்.”

“அதுக்குக் கீழே நாலு வரி இருக்கேம்மா. வண்டிக்குப் போற ஷாஃப்ட் கம்பியைத் தினம் அளந்து, மெஷின் எப்போ அளவு பிசகும்னு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கா. நாங்க கேக்கிற அனுபவம் அதுதான்.”

திரும்பும் பஸ் மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டியது. தங்கை மெதுவாக, “நீயும் கான்ட்ராக்ட்தானே அக்கா. யாராவது கேட்டா உன்னையும் நான் மறைச்சு வெக்கணுமா?” என்றாள்.

அந்த வருஷம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. சான்றிதழ் தாமதமானதாலா, வேறு காரணமா, யாரும் சொல்லவில்லை. அடுத்த வருஷம், மூன்று வருஷ அனுபவத்தோடு போய்ச் சேர்ந்தாள். இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குப் போன அந்த ஒரு வருஷத்தை நினைக்கும்போதெல்லாம், என் வேலையைப் பற்றி எனக்கிருந்த வெட்கத்தை அவள்மேல் சுமத்திவிட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது.